மம்சாபுரம் கிராமமா, டவுனா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, வரிசைப்படுத்தியிருக்கிறேன்.)

இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். மம்சாபுரம் கிராமமா, டவுனா?

ஊரைத் தெரியாதவங்களுக்காக: ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு மேற்கே மலைப்பக்கமா ஒதுங்கி இருக்குற ஊர். விருதுநகர் மாவட்டம். எங்க அம்மா பொறந்த ஊர். சுத்தி வயக்காடு, கண்மாய், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அதுக்குப் பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை. ஆட்டுக்குக் குழை ஒடிச்சிட்டு வர்ற ஒருத்தரை நிறுத்தி, "அண்ணே, நீங்க நகர்ப்புறவாசி"ன்னு சொன்னா நம்மளை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனா அரசாங்கக் கணக்கில் மம்சாபுரம் ஒரு பேரூராட்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேரூராட்சி என்றால் நகரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரத்தில் வாழ்றாங்கன்னு வந்ததே, நாம எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணினோமே, அந்த 48.4-க்குள்ள எங்க அம்மாச்சியும் இருக்காங்க.

இது வெட்டிக் கேள்வி இல்லை. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், அதாவது நாம சொல்ற நூறு நாள் வேலை, கிராம ஊராட்சிக்கு மட்டும்தான்னு இருந்தது. பேரூராட்சிக்குக் கிடையாது. ஒரே மழை, ஒரே மண், ஒரே பயிர். ஆனா எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஊராட்சியில் இருக்கும் பாட்டிக்கு வேலை அட்டை இருந்தது, இந்தப் பக்கம் இருக்கும் பாட்டிக்கு இல்லை. ஏன் அப்படின்னு தேட ஆரம்பிச்சதுதான் நூறு வருஷத்துக் கதையா நீண்டுபோச்சு.

ஊருக்கு ஒரு கிட் லாக்

நம்ம வேலையில், ஒரு கோடு ஏன் இப்படி இருக்குன்னு புரியலைன்னா கிட் லாக்கைப் பார்ப்போம். யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு அதுல வரிசையா இருக்கும். ஒரு ஊருக்கு அப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?

சில ஊர்களுக்கு நிஜமாவே இருக்கு. 1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியரா வந்தார். இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்தில் இருந்து மட்டும் சொல்லித்தர முடியாதுன்னு அவருக்குத் தோணியிருக்கு. மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "லீவுக்கு ஊருக்குப் போறப்போ இதுக்குப் பதில் எழுதிட்டு வாங்க"ன்னு அனுப்பினார். எவ்வளவு நிலம், யார்கிட்ட இருக்கு, கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுறாங்க. 1918-ல் அது புத்தகமா வந்தது. தமிழ் ஊர்கள்ல அஞ்சு ரொம்பப் பிரபலம்: இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம். இந்த வடமலாபுரம் அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். இன்னைக்கு நம்ம விருதுநகர் மாவட்டம்தான், சிவகாசிப் பக்கம்.

சிறப்பு என்னன்னா, ஆய்வு அதோட நிக்கலை. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனாங்க. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் போனாங்க. வடமலாபுரத்தையும் கங்கைகொண்டானையும் வெங்கடேஷ் ஆத்ரேயா பார்த்தார். இருவேல்பட்டுக்கு 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூணு பேரும் போனாங்க. ஒரே ஊரை நூறு வருஷமா விட்டு விட்டுப் படம் பிடிச்ச மாதிரி.

மம்சாபுரத்துக்கு ஸ்லேட்டர் மாணவர் யாரும் வரலை. அதனால நான் என்ன பண்ணினேன்னா, அந்த ஆய்வுகள் கேட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன். அதுலயும் முக்கியமா ஒண்ணு: யார் யாருக்கு, எதுல கூலி கொடுத்தாங்க? ராஜா, படையெடுப்பு, கோயில் கல்வெட்டு எதுவும் இந்த எபிசோடுல வராது. கூலிதான் வரும்.

கொத்து

எங்க அம்மாச்சிக்கு எழுபதைத் தாண்டிருச்சு. நிலம் கிடையாது, வாழ்க்கை முழுக்க அடுத்தவங்க வயல்ல வேலை. "உங்க முதல் கூலி எவ்வளவு?"ன்னு கேட்டேன். ரூபாயில் பதில் வரும்னு நினைச்சேன். "அறுப்புக்கு ஏதுய்யா ரூவா? கொத்துதான்"னாங்க.

கொத்துன்னா அறுவடைக் கூலியா அளந்து போடுற நெல். களத்து மேட்டுல, மரக்காலோ படியோ வச்சு அளப்பாங்க. பருத்தி எடுக்கப் போனா எடுத்ததுல ஒரு பங்கு. காசு கண்ணுல படுறது திருவிழாவுக்குத் திருவிழா.

இது பின்தங்கிய பழைய முறை, காசுதான் முன்னேற்றம்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. நெல்லாக் கூலி வாங்கினா அரிசி விலை ஏறினாலும் வயிறு காயாது. அது ஒரு பாதுகாப்பு. சிக்கல் எங்கன்னா, மரக்கால் யார் கையில இருக்குங்கறதுல. தலைதட்டி அளக்கிறதா, கோபுரமா அளக்கிறதா, இன்னைக்கு அளக்கிறதா, நாளைக்கு வான்னு சொல்றதா, எல்லாம் அவர் இஷ்டம். கோடையில வேலை இல்லாத மாசத்துக்குக் கடனா நெல் வாங்கினா, அடுத்த அறுப்புக்கு வேற யார் களத்துக்கும் போக முடியாது. கூலியும் கடனும் அளவும் ஒரே ஆள் கையில. நம்ம பாஷையில சொன்னா ஒரே வெண்டர், வெளிய போக வழி கிடையாது.

அந்த ஆளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது? நிலத்துல இருந்துன்னு சொல்லலாம். இன்னும் சரியாச் சொன்னா, தண்ணியில இருந்து. மலையடிவாரத்து ஊர்களின் விவசாயம் கண்மாய் விவசாயம். மலையில பெய்யுற மழை ஓடைவழியா இறங்கி ஒரு கண்மாயை நிரப்பும். நிரம்பினதும் கலிங்கு வழியா வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். மடையைத் திறந்தா வயலுக்குத் தண்ணி. மடை திறந்து முறை வச்சுத் தண்ணி விட நீர்பாய்ச்சின்னு ஒரு ஆள் இருப்பார். தென் மாவட்டங்கள்ல பெரும்பாலும் தலித் சமூகத்துக்காரர்தான். தண்ணியைப் பங்கு வைக்கிற நுணுக்கமெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தத் தண்ணி பாயுற நிலம் மட்டும் அவருடையது இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனிச்சாலே பழைய ஊர் எப்படி இயங்கிச்சுங்கறதுல பாதி புரிஞ்சிடும்.

பருத்தி, ரயில், மில்

இந்தப் பிடியை முதல்ல தளர்த்தினது சட்டமோ போராட்டமோ இல்லை, பருத்தி. மம்சாபுரத்துல இருந்து கிழக்கே போகப்போக மண்ணு கறுத்துக்கிட்டே போகும். சாத்தூர், விருதுநகர் பக்கமெல்லாம் கரிசல். அங்க மானாவாரியா விளைஞ்சது கருங்கண்ணிப் பருத்தி. 1900-களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தின்னு நீள இழை உள்ள ரகம் ஒண்ணு வந்தது. அதுக்குக் கிணத்துத் தண்ணி வேணும், செம்மண்ணுலயும் நல்லா வரும். கிணறு வெட்டக் காசு இருந்தவங்களுக்கு அது பணப்பயிர் ஆச்சு. பருத்தி வாங்குறதுக்குக் கம்பெனி இருந்தது: ஹார்வி சகோதரர்கள் 1885-லேயே பாபநாசம் மலையடியில் மில்லை ஆரம்பிச்சு, அப்புறம் தூத்துக்குடி, மதுரைன்னு விரிச்சிருந்தாங்க. 1927-ல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்டேஷன் வந்தது.

உடனே உலகப் பொருளாதார மந்தம். 1930-களில் நெல் விலை, பருத்தி விலை எல்லாம் விழுந்தது. கிராமத்துக்குள்ள கடன் கொடுத்து வட்டி வாங்கினவங்களுக்குக் கொடுத்த காசு திரும்பலை. கிறிஸ்டோபர் பேக்கர் என்ற வரலாற்றாசிரியர் தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரம் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை நல்லா விளக்குறார். நிலத்துலயும் வட்டியிலயும் சுத்திக்கிட்டிருந்த பணம் அந்தப் பத்து வருஷத்துல டவுனுக்கு, மில்லுக்கு, சினிமா கொட்டகைக்கு, பஸ் கம்பெனிக்குத் திரும்பிச்சு. 1932-ல் பைகாரா மின்சாரமும் வந்தது சேர்ந்துக்கிச்சு.

ராஜபாளையத்துக்கு இது அப்படியே பொருந்தும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பல தலைமுறைக்கு முன்னாடி ஆந்திரப் பக்கம் இருந்து வந்து, நிலமும் வியாபாரமுமா இருந்த ராஜூக்கள் சமூகம். அதே சமூகத்தில் இருந்துதான் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வரா இருந்தார். ஒரு சின்ன டவுன், கொஞ்ச வருஷத்துல மில்லும் முதல்வரும் ரெண்டும் பார்த்திடுச்சு. (இன்னொரு துணுக்கு: காமராஜர் முதல்வர் ஆகுறதுக்கு முன்னாடி, 1952-ல் மக்களவைக்கு ஜெயிச்சது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில்தான்.)

மில் வந்ததால் மம்சாபுரத்துக்கு என்ன ஆச்சு? ஊர்ல மில் வரலை. ஆனா சைக்கிள் மிதிக்கிற தூரத்துல வந்தது. மணி அடிச்சா வேலை, மணி அடிச்சா வீடு. சம்பளம் காசா, தேதி சொல்லி வரும். அளந்து போடுறவர் உங்க தெருவைத் தெரிஞ்சவர் இல்லை. இந்தக் கடைசி விஷயம் பெரிய விஷயம். எல்லாருக்கும் உடனே அந்தக் கதவு திறந்துடலை. யாராவது சிபாரிசு பண்ணணும், சிபாரிசு சாதி வழியாத்தான் போகும். ஆனாலும் வீட்டுக்கு ஒரு மில் சம்பளம் வந்துட்டா, மத்த நாலு பேரும் களத்து மேட்டுல நிக்கிற விதமே மாறிடும்.

மில்லைச் சுத்தி இன்னும் ஒரு உலகம் முளைச்சது. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி, சமுசிகாபுரம்னு ஊர்கள் இருக்கு. மில் நூலை விசைத்தறியில் போட்டு, ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்யுறாங்க. உங்க பைக் பெட்டிக்குள்ள கிடக்குற முதலுதவி டப்பாவைத் திறந்து பாருங்க, அதுல இருக்குற துணி அங்க நெய்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

எங்க அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஸ்பின்னிங் மில்லுல ரெண்டு வருஷம் பகல் ஷிப்ட் போயிருக்காங்க. எந்த மில்னு சொல்லலை, அது முக்கியமும் இல்லை. பஞ்சுத் தூசி பத்தி சொல்வாங்க, நின்னுக்கிட்டே இருந்து கால் வீங்கினது பத்தி சொல்வாங்க. ஆனா மில்லைத் திட்டினதே இல்லை. "சம்பளக் கவர்ல என் பேர் போட்டிருக்கும்டா"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. அம்மாச்சியின் கொத்து நெல்லு மேல யார் பேரும் கிடையாது.

அதுக்காக மில்லை விடுதலைன்னு எழுதிட முடியாது. 1990-களின் கடைசியில் இருந்து தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம்னு ஒண்ணு பரவிச்சு. பதினாறு, பதினேழு வயசுப் பொண்ணுங்களை மூணு வருஷ ஒப்பந்தத்துல ஹாஸ்டல்ல தங்க வச்சு வேலை வாங்கி, கடைசியில மொத்தமா ஒரு தொகை. அதைக் கல்யாணச் செலவுக்குன்னு சொன்னாங்க. நடுவுல உடம்பு முடியாமப் போய் வீட்டுக்கு வந்துட்டா அந்தத் தொகை வருமாங்கறது சந்தேகம். கூலியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆளைக் கட்டிப்போடுறது. யோசிச்சுப் பாருங்க, கோடைக் கடன் நெல்லுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பம்புசெட்டும் ரேஷன் அரிசியும்

ஊருக்குள்ள இதே காலத்துல ரெண்டு மாற்றம் நடந்தது. ஒண்ணு நிலம் வச்சிருந்தவங்களுக்கு, ஒண்ணு இல்லாதவங்களுக்கு.

முதலாவது பம்புசெட். அதுக்கு முன்னாடி கிணத்துல இருந்து தண்ணி இறைக்கக் கமலை: ரெண்டு மாடு, ஒரு சால், ஒரு ஆள், விடியக்காலையில இருந்து. காமராஜர் காலத்துக் கிராம மின்மயமாக்கலுக்குப் பிறகு மின் பம்புசெட்டுல தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னணிக்கு வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், கொஞ்ச வருஷம் கழிச்சு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆச்சு. கிணறு இருந்தவருக்குக் கண்மாய் தேவைப்படலை. தனக்குத் தேவைப்படாத கண்மாயைத் தூர்வார எதுக்கு ஆள் அனுப்பணும்? ஊர் கூடிப் பராமரிச்ச கண்மாய், பொதுப்பணித் துறை எப்போ வரும்னு காத்துக் கிடக்கிற கண்மாய் ஆச்சு. நெல்லும் பருத்தியும் போட்ட இடத்துல தென்னையும் மாவும் வந்தது. தோப்புக்கு ஆள் கம்மி. வேலை கொடுத்தவங்களுக்கு வேலையாளே தேவைப்படலை.

இதுல ஒரு கிளைக்கதையும் இருக்கு. மலை. 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021 பிப்ரவரியில் மேகமலையோட சேர்த்துப் புலிகள் காப்பகம். மலையடிவாரத் தோப்புக்காரங்ககிட்ட பேசினா விலையைப் பத்தி அப்புறம்தான் பேசுவாங்க, முதல்ல யானையைப் பத்திதான். எனக்குக் காடு காப்பாத்தப்படணும்னுதான் தோணுது. நெல்லு போட்டிருந்த காலத்துல வராத செலவு இதுன்னு அவங்க சொல்றதும் காதுல விழுது.

ரெண்டாவது மாற்றம் ரேஷன் அரிசி. 2008-ல் கிலோ ஒரு ரூபா, 2011-ல் இலவசம். சென்னையில உக்காந்துக்கிட்டு "இலவசம் கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிட்டாங்க"ன்னு பேசுற நண்பர்கள் எனக்கும் இருக்காங்க. அவங்களுக்கு நான் கொத்துக் கதையைச் சொல்வேன். மாசம் இருபது கிலோ அரிசி வீட்டுல இருந்தா, கோடையில யார் வாசல்லயும் கடன் நெல்லுக்கு நிக்க வேண்டாம். நிக்கலைன்னா, அடுத்த அறுப்புக்கு "இந்தக் கூலிக்கு வர மாட்டேன்"னு சொல்ல முடியும். சோம்பேறித்தனம்னு அந்தப் பக்கம் இருந்து தெரியறது, இந்தப் பக்கம் இருந்து பார்த்தா பேரம் பேசுற தைரியம். இருவேல்பட்டுக்கு 2008-ல் போனவங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் பார்த்தாங்க: நிலம் பெரிய அளவுல கைமாறலை, ஆனா நிலம் வச்சிருந்த குடும்பத்தோட பிடி தளர்ந்திருந்தது.

பிடி தளர்ந்தப்போ

பிடி தளர்றது அமைதியா நடக்கலை. இதைச் சொல்லாம இந்தப் பகுதியோட வரலாறு சொன்னா அது பொய்.

1985 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டத்தை மூணாப் பிரிச்சப்போ நம்ம மாவட்டத்துக்குக் காமராஜர் பேர். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பேர் வச்ச காலம் அது. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமா வச்சு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சு, அதுக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வச்சாங்க. கட்டபொம்மனோட தளபதி, தேவேந்திரர் சமூகத்தவர். அந்தப் பேர் போட்ட பஸ்ல ஏற மாட்டோம்னு ஆதிக்க சாதியினர் ஒரு பகுதி எதிர்த்தாங்க. தென் மாவட்டம் முழுக்கக் கலவரம், உயிர்ச்சேதம். கடைசியில அரசாங்கம் எல்லாத் தலைவர் பேரையும் எடுத்துச்சு. பஸ்ஸுல இருந்து மட்டும் இல்லை, மாவட்டங்கள்ல இருந்தும். காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான்.

ஏன் 1997? முப்பது வருஷம் முன்னாடி அதே பேரை வச்சிருந்தா இவ்வளவு சத்தம் வந்திருக்குமா? என் கணிப்பு, வந்திருக்காது. ஏன்னா அந்தப் பேரைக் கேட்டு வாங்குற நிலையிலயே அந்தச் சமூகத்தை விட்டு வச்சிருக்க மாட்டாங்க. களத்து மேட்டை நம்பாமச் சோறு சாப்பிட முடிஞ்ச ஒரு தலைமுறை வந்த பிறகுதான் சிலையும் பேரும் கேக்க முடிஞ்சது. கேட்டது பொறுக்காமத்தான் அடி விழுந்தது. இதே மாவட்டத்துல நூறு வருஷம் முன்னாடி, 1899-ல், சிவகாசியில் நாடார்கள் மேல நடந்த தாக்குதலும் அவங்க வியாபாரத்துல மேல வந்து கோயில் நுழைவு உரிமை கேட்ட காலத்துலதான்.

பேரூராட்சி ஆன கதை

சரி, ஆரம்பிச்ச கேள்விக்கு வருவோம். இவ்வளவுக்கும் நடுவுல மம்சாபுரம் எப்படி "டவுன்" ஆச்சு?

தமிழ்நாட்டுல டவுன் பஞ்சாயத்துங்கறது கடையும் தெருவிளக்கும் கூடினதால வர்ற அந்தஸ்து இல்லை. 1958 பஞ்சாயத்துச் சட்டம் மக்கள்தொகையையும் வருமானத்தையும் வச்சு டவுன் பஞ்சாயத்தைத் தனியாப் பிரிச்சது: குறைஞ்சது 5,000 பேர், அதோட ஒரு குறைந்தபட்ச ஆண்டு வருமானம். அங்க இருக்குறவங்க ஏர் பிடிக்கிறாங்களா, தறி ஓட்டுறாங்களான்னு அந்தச் சட்டம் கேக்கலை. கண்மாயும் மலையும் இருக்குற ஊர்ல ஜனம் நெருக்கமாத்தான் இருக்கும். அதனால நம்ம பக்கத்துப் பெரிய விவசாய ஊர்கள் பல பேரூராட்சி ஆயிடுச்சு. அப்போ அது பெருமை. தனி ஆபீஸ், செயல் அலுவலர், தெருவிளக்கு, குழாய்த் தண்ணி.

மத்திய அரசுக் கணக்கெடுப்புக்கு இன்னொரு அளவுகோலும் இருக்கு. 5,000 பேர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை பார்க்குற ஆண்கள்ல 75 சதவீதம் பேர் விவசாயம் இல்லாத தொழில்ல இருக்கணும். ஆனா மாநில அரசு ஏற்கெனவே டவுன்னு சட்டப்படி அறிவிச்ச ஊருக்கு இந்தச் சோதனையே கிடையாது. நேரா நகரம்.

மம்சாபுரத்துக்குப் பின்னாடி இருக்குற மலையைத் தாண்டினா கேரளா. அங்க பல கிராமப் பஞ்சாயத்துகள்ல இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் இருக்காங்க. எந்த வழியில பார்த்தாலும் டவுன் மாதிரி இருக்கும்: பேங்க், பேக்கரி, நகைக்கடை. சட்டப்படி கிராமம். நூறு நாள் வேலை இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற ஊர் சட்டப்படி டவுன். வேலை கிடையாது.

இதைவிட வேடிக்கை, நடுவுல ரெண்டு வருஷம் நாமளும் கிராமமா இருந்தோம். 2004-ல் தமிழ்நாடு அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சின்னு மாத்திச்சு. மத்திய அரசோட ஊரக வளர்ச்சி நிதியைப் பெறலாம்ங்கறதுதான் கணக்கு. 2006-ல் ஆட்சி மாறினதும், ஜூலையில், திரும்பவும் பேரூராட்சி. நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்ட மாவட்டங்கள்ல தொடங்கினது அதே 2006 பிப்ரவரி. விருதுநகர் உட்பட நாடு முழுக்க வந்தது 2008. ரெண்டு வருஷம் தள்ளி ரிவர்ட் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்க்காம இருக்க முடியலை.

தமிழ்நாட்டுல அந்த வேலைக்குப் போனவங்கள்ல பத்துக்கு எட்டுக்கு மேல பெண்கள். வயசானவங்களும் நிறைய. மில் வேன் ஏத்திக்காத வயசு, தோப்புல கூப்பிடாத உடம்பு. அம்மாச்சி மாதிரி ஆட்களுக்காகவே யோசிச்ச மாதிரி இருந்த ஒரு திட்டம், அவங்க ஊர்ப் பலகையில "பேரூராட்சி"ன்னு இருந்ததால வரலை. பக்கத்து ஊராட்சியில வேலை கிடைச்சதால இந்தப் பக்கமும் நாத்து நடவுக் கூலி ஏறிச்சு, அந்த அளவுக்குப் பலன் உண்டுன்னு ஊர்ல சொல்றாங்க. அது நிஜம்தான். ஆனா கூலி ஏறினதால லாபம் நாத்து நட முடியுறவங்களுக்கு.

இன்னொரு இழப்பும் உண்டு. கிராம ஊராட்சிக்குக் கிராம சபை இருக்கு. யாரும் எந்திரிச்சு நின்னு கணக்கு கேக்கலாம். பேரூராட்சிக்கு அது இல்லை. 2016-ல் நடக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியிலதான் நடந்தது. அதுவரைக்கும் கேள்வி கேக்கணும்னா வார்டு உறுப்பினர்கூட இல்லை, அதிகாரி மட்டும்தான்.

2025 தொடக்கத்துல கிராம ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சி, நகராட்சியோட இணைக்கப் போறோம்னு அறிவிப்பு வந்தப்போ பல ஊர்ல மக்கள் ரோட்டுக்கு வந்தாங்க ஞாபகம் இருக்கா? "டவுன் ஆகுறதுக்கு யாராவது போராடுவாங்களா?"ன்னு நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் கேலி ஓடிச்சு. அவங்க கணக்கு தெளிவா இருந்தது: நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும். மம்சாபுரத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில் பதில் சொல்ல யாருக்கும் விவரம் தெரிஞ்சிருக்காது. நாப்பத்தி ஏழு வருஷம் கழிச்சு வரப்போற ஒரு சட்டத்தை 1958-ல் யார் யோசிப்பா?

கடைசியா ஊரோட புதுப்பயிரைப் பத்தியும் சொல்லணும். 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டப்போ முதல் சுற்றுல வந்தவற்றில் ஒண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலில் வந்தது. அதுக்கப்புறம் இந்தப் பக்கத்து ஊர்கள்ல வீட்டுக்கு ஒரு பி.இ. நான் படிச்சது மதுரையில், ஆனா அதே அலைதான். கொத்து, சம்பளக் கவர், என் லேப்டாப்புக்கு மாசக் கடைசியில வர்ற எஸ்.எம்.எஸ். மூணு தலைமுறை, மூணு கூலி. மூணாவது கூலி ஊர்ல கிடைக்கலை, அதுக்கு ஓ.எம்.ஆர். வர வேண்டியிருந்தது. ஊர் நகரம் ஆனதா அரசாங்கம் சொல்லுது. எங்க தலைமுறை வேலைக்காக இன்னும் நகரத்துக்குப் போயிட்டுத்தான் இருக்கு.

இந்த எபிசோடுக்காக அம்மாச்சிகிட்ட போன்ல கேட்டேன், "உங்க ஊர் கிராமமா, டவுனா?" அவங்க யோசிக்கவே இல்லை. "வீட்டு வரி ரசீதுல டவுனு. வேலை கேக்கப் போனா டவுனு. தண்ணி கேக்கப் போனா, முறை வச்சுத்தான் விடுவோம், இதென்ன டவுனாங்கறான்"னாங்க.

அடுத்த எபிசோடுக்கு உங்க உதவி வேணும். பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க ஸ்லேட்டர் மாணவர்கள் மாதிரி மூணு கேள்வி மட்டும் கேட்டுட்டு வாங்க. வீட்டுல மூத்தவங்க வாங்கின முதல் கூலி நெல்லா, காசா? அதை அளந்து கொடுத்தது யார்? உங்க ஊர் 2004-ல் என்னவா இருந்தது, 2006-ல் என்னவா ஆச்சு? மூணாவதுக்குப் பதில் தெரியலைன்னா பழைய வீட்டு வரி ரசீது இருக்கான்னு பீரோவில் தேடச் சொல்லுங்க, தலைப்புல அச்சடிச்சிருப்பாங்க. வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் சொல்ல வேண்டாம், ஊர் பேர் போதும்.